பதினாலு வில்லு பார்த்தவன்

பத்து நிமிஷமுங்க. வெறும் பத்து நிமிஷத்துல ஒரு வில்லை வாங்கிட்டு வந்துட்டா. நான் எட்டு மாசம் பார்த்தேன். நீங்களே ஞாயம் சொல்லுங்க.

உக்காருங்க, உக்காருங்க. அந்தத் துண்டை அக்கட்டால தள்ளிட்டு உக்காருங்க. எடம் புடிச்சு வெச்சதில்லை, வேர்வைக்கு விரிச்சது. இந்தத் திருச்சி வெயிலுக்கு, இந்த மைதானத்துலயே இந்தப் பக்கட்டந்தான் சித்த நெழலு இருக்குது. காத்தால நான் எதுத்த பக்கம் உக்காந்து மண்டை காஞ்சு போயிட்டேன். இப்பச் சாப்பாட்டுக்கு விட்டிருக்காங்க. ரெண்டு மணிக்கு மறுபடி ஆரம்பிப்பாங்களாமா. நீங்க யாரு கூட வந்திருக்கீங்க? அக்காவா? எத்தனாவது குறிப்பலகை? மூணா? சரி சரி.

என்ற சம்சாரம் ஒம்பதாவது பலகைங்க. மரகதமணி. உடுமலைப்பேட்டை. கணக்கு டீச்சர், நாப்பத்தேழு வயசு. காத்தால சுத்து முடிஞ்சப்ப அஞ்சாவது எடம். நாலு பேரைத்தான் தேசியப் போட்டிக்கு எடுப்பாங்களாமா. நாலாவதா நிக்கற அம்மாளுக்கும் இவளுக்கும் ரெண்டே ரெண்டு புள்ளிதான் வித்தியாசம். நான் காத்தால இருந்து அந்த ரெண்டு புள்ளியையே எண்ணிட்டு உக்காந்திருக்கேன். அவ என்னடான்னா அங்க தொப்பியை மூஞ்சி மேல கவுத்துப் போட்டுட்டுத் தூங்கறா.

அரிசிம்பருப்புச் சோறு இருக்குது, எடுத்துக்குங்க. கூச்சப்படாதீங்க. நானே செஞ்சதுதான். ஆமாங்க, ஒரு மாசமா நாந்தான் சமைக்கறேன். அது வேற கதை. இல்லைங்க, இதே கதைதான்.

எனக்கு மோட்டார் பம்புசெட் கடைங்க. முப்பது வருசமா நடத்தறேன். கடைக்கு வர்றவங்க எந்த மோட்டார் நல்லதுங்கன்னு கேட்டா, இதுதான், கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்கம்பேன். அது யாவாரம். ஆனா நான் ஒண்ணு வாங்கோணும்னா அப்பிடி வாங்கமாட்டேன். நோட்டுல கட்டம் போடுவேன். மேல பேரு, பக்கத்துல குணம், குணத்துக்கு மார்க்கு. எல்லாத்தையும் கூட்டி, எது மேல வருதோ அதுதான். மிக்சி எடுக்க ஏழு கம்பெனி பார்த்தேன். டிவிக்குப் பதிமூணு மாசம் பார்த்தேன். கடைசியா முடிவு பண்ணிக் கடைக்குப் போனா, அந்த மாடலை நிறுத்திட்டோமுங்கறான். நிறுத்துனது அவன் தப்பு. அதுல என்ற தப்பு என்னங்க இருக்குது?

பொண்ணுங்கூட அப்பிடித்தான் பார்த்தேன். பதினொரு பொண்ணு. சிரிக்காதீங்க, அந்தக் காலத்துல எங்க பக்கம் அது ஒண்ணும் பெரிய எண்ணிக்கை இல்லை. நோட்டு இன்னும் பீரோவுல கெடக்குது. நெறம், படிப்பு, நெலம், அடக்கம், மாமியாக்காரி வாய். கடைசிக்குத் தனிக் கட்டம். பதினொண்ணாவது பொண்ணுதான் மரகதம். காப்பி டம்ளரை ஒவ்வொண்ணாக் கொண்டாந்து நீட்டுனா. ஒரு கையில டம்ளரு, இன்னொரு கை முந்தானைக்குள்ள. தலையே நிமுரலை. அடக்கத்துக்குப் பத்துக்குப் பத்துப் போட்டேன். என்ற அம்மாவே அசந்து போய், இவளையே கட்டிக்கடான்னுருச்சு.

இருபத்திரண்டு வருசம் ஒரு கொறையும் இல்லைங்க. அவ உண்டு, அவ பள்ளிக்கூடம் உண்டு. ரெண்டு வருசத்துக்கு முன்னால பள்ளிக்கூடத்துப் பசங்களுக்கு வில்லு வித்தை சொல்லித் தர ஏற்பாடு பண்ணாங்க. காலேஜ் மைதானத்துக்குப் பசங்களைக் கூட்டிட்டுப் போறதுக்கு ஒரு டீச்சர் வேணும். மத்தவங்க எல்லாரும் முட்டிவலின்னுட்டாங்க. இவளுக்கு முட்டிவலி இல்லை, போனா. பசங்க மூணு மாசத்துல நின்னுட்டானுங்க. இவ நிக்கலை.

நானும் சரி, பொழுது போகட்டும்னு விட்டுட்டேன். அப்பறம் பார்த்தா ஜில்லாவுல ரெண்டாவதுங்கறா. நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல எத்தனை பொம்பளைங்க ஜில்லாவுல வில்லு எடுக்கப் போறாங்க, ரெண்டு பேருதான் இருப்பாங்கன்னு நெனச்சேன். பதினாலு பேராமா.

போன ஆடியில ஒரு நாள் தோசை ஊத்திட்டே சொன்னா. "ஏனுங்க, எனக்குச் சொந்தமா வில்லு ஒண்ணு வேணுமுங்க."

நான் தோசையைக் கீழ வெச்சுட்டேன். இருபத்திரண்டு வருசத்துல அவ வாயைத் திறந்து எனக்கு இது வேணும்னு கேட்டதே இல்லை. நாம எடுத்துக் குடுத்தா கட்டிக்குவா. சந்தோசமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

ரெஜினான்னு ஒரு பொண்ணு, கம்ப்யூட்டர் படிச்சது. அது வில்லைத்தான் இவ அத்தனை நாளும் எரவல் வாங்கி அடிச்சுட்டு இருந்திருக்கா. அந்தப் புள்ளைக்குப் பெங்களூர்ல வேலை கெடச்சுருச்சு, தை மாசத்தோட கெளம்புது. அக்கா, நீங்களே வெச்சுக்குங்கன்னு வில்லைக் குறைஞ்ச வெலைக்குத் தர்றேன்னுதாமா.

"ஆடி மாசத்துல புதுசு எடுக்கக் கூடாது புள்ள"ன்னேன்.

"இது பழசுதானுங்களே"ன்னா.

பாருங்க. இந்த வாய் நம்ம நோட்டுல எந்தக் கட்டத்துலயும் வரலை.

நான் சொன்னேன், இன்னொருத்தர் தொட்டு இழுத்த வில்லு நமக்கு எதுக்கு, நான் புதுசா வாங்கித் தர்றேன், ஒலகத்துலயே நல்ல வில்லா வாங்கித் தர்றேன், ஆனா பார்த்துத்தான் வாங்கோணும்னேன். அவ, "சரிங்க. ஆனா பாக்கறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லோணுமுங்க"ன்னா. இருன்னுட்டுப் போனை எடுத்தேன்.

இந்த வில்லைப் பத்தி உங்களுக்குத் தெரியுமுங்களா? உங்க அக்காளும் காம்பவுண்டு வில்லுதானே வெச்சிருக்காங்க. சாமி படத்துல பாக்கற வில்லு இல்லைங்க இது. ரெண்டு முனையிலயும் சக்கரம், குறுக்கும் நெடுக்கும் கயிறு, நடுவுல பூதக்கண்ணாடி. இழுக்கறப்ப நாப்பத்தஞ்சு பவுண்டு பாரம் இழுக்கோணும். முழுசா இழுத்துட்டா சக்கரம் சுத்தி அந்தப் பாரம் குறைஞ்சு போயிரும். பத்துப் பவுண்டுக்கும் கம்மியாத்தான் கையில நிக்கும். கெணத்துல தண்ணி சேந்தறப்ப பாதிக்கு மேல யாரோ வந்து கூடக் கயித்தைப் புடிச்சுக்கிட்ட மாதிரி. நிதானமாக் குறி பார்த்துக்கலாம். இதுக்கு லெட் ஆஃப்னு பேரு. எண்பது சதவீதம் இருக்குது, எண்பத்தஞ்சு இருக்குது, தொண்ணூறுகூட இருக்குது. என்னைக் கேளுங்க, நான் சொல்றேன்.

பதினாலு வில்லுங்க. பத்தொம்பது கட்டம். வேகம், எடை, சக்கரத்துக்குச் சக்கரம் எத்தனை அங்குலம், கைப்புடிக்கும் கயித்துக்கும் நடுவுல எத்தனை அங்குலம், சத்தம் எவ்வளவு, அதிர்ச்சி எவ்வளவு, கயிறு எத்தனை ஆயிரம் அம்பு தாங்கும். ஒண்ணு விடலை. நீளமா இருந்தா ஆடாம நிக்கும், ஆனா வேகம் கம்மி. குட்டையா இருந்தா வேகம் பிச்சுக்கும், ஆனா கை சித்த நடுங்குனாலும் அம்பு தப்பிப் போயிரும். ஒண்ணு நல்லா இருந்தா இன்னொண்ணு நொட்டையா இருக்குது. அமெரிக்காவுல ஒரு தாடிக்காரன், காட்டுக்குள்ள நின்னுட்டு ஒவ்வொரு வில்லா இழுத்துப் பார்த்து வீடியோ போடுவான். அவன் பேசறதுல பாதிக்கு மேல புரியாது. ஆனா மூஞ்சியைப் பார்த்தாலே ஞாயஸ்தன்னு தெரியும். அவன் எந்தக் கண்ணை மூடிக் குறி பார்ப்பான், அவன் பொண்டாட்டி எத்தனை பவுண்டு இழுப்பா, அவங்க வூட்டு நாய் பேரு என்ன, எல்லாம் எனக்கு அத்துப்படி.

தெனமும் காத்தால ஆறு மணிக்கு ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போயி மைதானத்துல எறக்கி விடுவேன். ஏழரை வரைக்கும் அங்கயே சிமெண்டு பெஞ்சுல உக்காந்திருப்பேன். எட்டு மாசம், ஒரு நாள் தவறலைங்க. எந்தப் புருசன் செய்வான்? அவ அங்க அம்பு விடுவா, நான் இங்க வில்லு பார்ப்பேன். மத்தப் பொம்பளைங்க எல்லாம், டீச்சர் குடுத்து வெச்சவங்க, வூட்டுக்காரரு கூடவே வந்து உக்காந்திருக்காருன்னு சொல்லுவாங்களாமா. இவ ஆமாங்கன்னு சொல்லிச் சிரிப்பாளாமா. அந்தச் சிரிப்பு எப்பிடிச் சிரிச்சாளோ, நான் பார்க்கலை.

நடுநடுவுல அவ வருவா. "ஏனுங்க, அந்த வில்லு விசயமா ஒண்ணு சொல்லோணுமுங்க."

"இரு புள்ள, ரெண்டு வில்லு ஒரே மார்க்குல நிக்குது."

கோச்சுத் தம்பி ஒருத்தன் இருக்கான். நல்ல பையன், ஆனா அனுபவம் பத்தாது. அவன் ஒரு நாள் பக்கத்துல வந்து, "சார், அக்காவுக்கு வில்லு எடுக்கறீங்கன்னாங்க, அக்காவுக்கு வந்து"ன்னு இழுத்தான். நான் கேட்டேன், தம்பி, முந்நூத்து நாப்பது அடி வேகத்துல போற வில்லுல கயிறு எத்தனை அங்குலம் தள்ளி நிக்கோணும், சொல்லு பார்க்கலாம்னு. முழிச்சான். தெரிஞ்சுட்டு வா, பேசலாம்னு அனுப்பி வெச்சுட்டேன். அதுக்கப்பறம் அவன் என்ற பெஞ்சுப் பக்கமே வர்றதில்லை.

கடைசியில மொதல் எடம் எதுக்கு வந்துச்சுன்னா, வேகத்துக்கு. வெசையாப் போற வில்லுதானே நல்ல வில்லு? மோட்டாரும் அப்பிடித்தானே? அவகிட்டச் சொன்னேன், புள்ள, ஒரு செகண்டுக்கு முந்நூத்து நாப்பத்தஞ்சு அடி போகுமாமா, மத்தது எல்லாம் முந்நூறைத் தாண்டவே மூச்சு வாங்குதுன்னு.

"வேகம் எதுக்குங்க? காகிதத்துலதானே அடிக்கறோம். அது எங்கீங்க ஓடிப் போகப் போகுது?"

தெரியாதவங்ககிட்ட என்ன பேசறது.

அப்பறமும் ஒடனே வாங்கலை. புது வருசத்துல புது மாடல் வரும்னு தாடிக்காரன் சொல்லிட்டான். பொறுத்தேன். தை பொறந்துச்சு. ரெஜினாப் பொண்ணு வில்லை எடுத்துட்டுப் பெங்களூரு போயிருச்சு. இவ கையில வில்லு இல்லை. மைதானத்துக்கு அப்பவும் வருவா. ஜன்னல் கம்பியாட்ட ஒரு கம்பத்துல ரப்பர் பட்டையைக் கட்டி, அதை இழுத்து இழுத்துப் புடிச்சுட்டு நிப்பாளாமா. மத்தவங்க அம்பு விட்டுட்டு இருப்பாங்க, இவ ரப்பரை இழுத்துட்டு நிப்பா. பங்குனியில போட்டி. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. சரி, இதுக்கு மேல தாங்காதுன்னு, மாசி பொறந்ததும் பம்பாயில ஒருத்தர் மூலமா அந்த முந்நூத்து நாப்பத்தஞ்சையே வரவழைச்சேன். வெலை சொல்லமாட்டேன். ரெண்டு கறவை மாடு வாங்கியிருக்கலாம், அவ்வளவுதான் சொல்லுவேன்.

கம்பெனிக்காரன் நெரப்பித் தரச் சொல்லி ஒரு ஃபாரம் அனுப்பியிருந்தான். எத்தனை பவுண்டு, எத்தனை அங்குலம், என்ன நெறம்னு வரிசையாக் கேட்டிருந்தான். அவ கை நீளத்தை அவ தூங்கறப்ப டேப் வெச்சு அளந்துட்டேன். அவளுக்குத் தெரியாம வாங்கித் தந்து அசத்தோணும்னு ஆசைங்க. கடைசிக் கேள்வி, வலதா எடதா, சோத்தாங்கையா நொட்டாங்கையான்னு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. இதையெல்லாமா கேப்பாங்கன்னு, சோத்தாங்கைன்னு தட்டி விட்டுட்டேன்.

வில்லு வந்த அன்னைக்கு வூட்டுல ஒறம்பரை. அவ அண்ணன், அதாவது என்ற மச்சான், சம்சாரத்தோட காரமடைத் தேருக்குப் போயிட்டு வந்திருந்தாரு. மரகதம் பள்ளிக்கூடத்துல இருந்து வரலை. பெட்டியைப் பிரிச்சேன். வில்லு முழுக்க எலை, சருகு, மரப்பட்டை படம் போட்டிருக்குது. மச்சான், "ஏன் மாப்ள, இது என்ன சீலைத் துணியாட்ட இருக்குது"ங்கறாரு. அமெரிக்காவுல இதுதான் மோஸ்தர்னேன். எங்க, இழுத்துக் காட்டுங்க பார்க்கலாம்னாரு.

பொண்டாட்டியோட அண்ணன் கேக்கறப்ப காட்டாம இருக்க முடியுமுங்களா?

நின்னேன். இழுத்தேன். அவ கைக்கு வெச்ச அளவு, எனக்கு முழங்கை மடங்கி ஆட்டுக்குட்டியைக் கக்கத்துல இடுக்குன மாதிரி நிக்குது. இருந்தாலும் பாரம் பொசுக்குனு குறைஞ்சுது பாருங்க, அடடா. பார்த்தீங்களா மச்சான், இதுதான் லெட் ஆஃப்னு சொல்லிட்டு, கயித்தை விட்டேன்.

அம்பு இல்லைங்க. அம்பு வெக்காம கயித்தை விடக் கூடாதாமா. அம்புக்குப் போற வேகம் எல்லாம் வில்லுக்குள்ளயே போயி வெடிச்சிருமாமா. டமார்னு ஒரு சத்தம். கயிறு அந்துக்கிட்டுப் போயி காலண்டரைக் கிழிச்சுருச்சு. வில்லோட மேல் கையி நெடுக்கப் பொளந்து தொங்குது. மச்சான் சம்சாரம் சோபாவுக்குப் பின்னால போயிட்டாங்க. ஒருத்தருக்கும் அடி இல்லை, அது வரைக்கும் சாமி காப்பாத்துச்சு.

பெட்டிக்குள்ள செவப்பு எழுத்துல ஒரு காகிதம் இருந்துச்சுங்க. அம்பு இல்லாம விடாதேன்னு எட்டு பாஷையில எழுதியிருக்கான். தமிழ் இல்லை. படமும் போட்டுப் பெருக்கல் குறி போட்டிருந்துச்சு. அது கொழந்தைங்களுக்குன்னு நெனச்சேன்.

மரகதம் வந்தா. செருப்பைக் கழட்டுனா. தண்ணி குடிச்சா. அப்பறம் வந்து வில்லைப் பார்த்தா. எடுத்து முன்னாலயும் பின்னாலயும் திருப்பிப் பார்த்தா. அழுவாளோ, திட்டுவாளோன்னு நிக்கறேன்.

"இது பன்னி அடிக்கற வில்லுங்க"ன்னா.

நான் கிழிஞ்ச காலண்டரைப் பொறுக்குனேன்.

"காட்டுக்குள்ள மறைஞ்சு நிக்கறதுக்குத்தானுங்க எலைப் படம் போட்டிருக்கறான். குட்டை வில்லு. நான் போட்டியில அடிக்கறதுக்கு ஆகாதுங்க." அப்பறம் சொன்னா, "பரவாயில்லைங்க. ஒடைஞ்சா ஒடைஞ்சுட்டுப் போகுது. நல்லா இருந்திருந்தாலும் என்னால இதை இழுத்திருக்க முடியாது. இது சோத்தாங்கை வில்லு. நான் நொட்டாங்கைக்காரிங்க."

எனக்குப் புரியலை. நீ சோத்தாங்கையிலதானே சாப்பிடறே, சோத்தாங்கையிலதானே எழுதறேன்னேன்.

அப்பத்தான் உக்காந்து சொன்னா. மச்சான் முன்னாலயே சொன்னா. பொறந்ததுல இருந்து அவளுக்கு நொட்டாங்கைதானாமா. சோறு திங்க அந்தக் கையை நீட்டுனா அவ அம்மா கரண்டிக் காம்புல அடிப்பாங்களாமா. அப்பவும் திருந்தலைன்னு துணியைப் போட்டு முதுகுப் பக்கமாக் கட்டி வெச்சுட்டுச் சோறு போடுவாங்களாமா. ரெண்டு வருசம். மச்சான் தலையைக் கீழ போட்டுட்டு, ஆமா மாப்ள, கட்டி வெப்பாங்கன்னாரு. பொண்ணு பாக்க நாங்க போன அன்னைக்கும் அவ அம்மா சொல்லித்தான் அனுப்புனாங்களாமா, நொட்டாங்கையை முந்தானைக்குள்ள வெச்சு அமுத்திப் புடிச்சுக்கடீ, மறந்து நீட்டிறாதேன்னு.

அதுக்குத்தானுங்க நான் பத்துக்குப் பத்துப் போட்டிருக்கேன்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், உங்ககிட்ட என்ன. ஏழாவதா ஒரு பொண்ணு பார்த்தோம். அது மறந்துபோய்த் தட்டத்தை நொட்டாங்கையில நீட்டிருச்சு. என்ற அம்மா எந்திரிச்சு வந்துட்டாங்க. நானும் பின்னாலயே வந்துட்டேன். நோட்டுல ஒரு கோடு போட்டு அடிச்சுட்டேன்.

மைதானத்துக்குப் போன மொத நாளு கோச்சுத் தம்பி இவளை ரெண்டு கையையும் கூட்டி வட்டம் மாதிரி புடிச்சு, அது வழியா ஒரு மரத்தைப் பாக்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணா மூடச் சொன்னானாமா. அக்கா, உங்களுக்கு எடது கண்ணுதான் பார்க்குது, நீங்க நொட்டாங்கையில இழுங்கன்னானாமா. இவ கேட்டாளாமா, இழுக்கலாமுங்களா தம்பின்னு. இழுங்கக்கான்னானாமா. மறுபடி கேட்டாளாமா, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்களான்னு. இதைச் சொல்றப்பத்தான் அவளுக்குக் கண்ணு கலங்குச்சு. வில்லு ஒடைஞ்சதுக்கு இல்லை.

நான் ஒருத்தன், அவ காய் நறுக்கறதைப் பார்த்துட்டு இருபத்திரண்டு வருசம் சோறு தின்னிருக்கேன். நான் சமையக்கட்டுக்குள்ள போனா கத்தி கை மாறிருமாமா. வெளிய வந்தா மறுபடி நொட்டாங்கைக்குப் போயிருமாமா. எனக்கு வெக்கமாப் போயிருச்சுங்க. நெசமாலுமே.

ஆனா அவளும் சொல்லியிருக்கலாமில்லைங்க? அதைக் கேட்டேன். ஏன் புள்ள எங்கிட்ட முன்னாலயே சொல்லலைன்னு. "சொல்ல வந்தேனுங்க. நீங்க இருன்னீங்க. இருந்தேன்"னா. அவ்வளவுதான். திட்டுனா நாமளும் பதிலுக்கு ரெண்டு திட்டி முடிச்சுக்கலாம். திட்டவே இல்லைன்னா என்னங்க பண்ணறது?

மறுநாள் ரெஜினாவுக்குப் போன் பண்ணா. அந்தப் புள்ளையும் நொட்டாங்கைதானாமா, வில்லும் நொட்டாங்கை வில்லு. வெள்ளிக்கெழமை லீவு போட்டா. தனியாப் பஸ் ஏறிப் பெங்களூரு போனா. நான் வர்றேன்னேன், வேண்டாமுங்க, நீங்க வந்தா அங்கயும் எதாச்சும் பாக்கோணும்னு நிப்பீங்கன்னா. அந்தப் புள்ளை தங்கியிருக்கற ஹாஸ்டல் வாசல்லயே வில்லை எடுத்து, ரெண்டு வாட்டி இழுத்துப் பார்த்து, பையில போட்டுட்டுத் திரும்பி வந்துட்டா. பத்து நிமிஷம். ஒரு கட்டம் போடலை, ஒரு மார்க்கு போடலை. அஞ்சு வருசப் பழசு. அங்கங்க பெயிண்டு போயி, புடியில துணி சுத்தியிருக்குது. அதை வெச்சுட்டுக் காத்தால அஞ்சாவது எடத்துல நிக்கறா!

என்ற எட்டு மாசத்துக்கு என்னங்க மதிப்பு? அதைத்தான் நான் கேக்கறேன்.

நான் சமைக்கறது, அது நானா எடுத்துக்கிட்டதுதான். காத்தாலயும் சாயந்தரமும் அவ மைதானத்துக்குப் போயிடறா. ஸ்கூட்டரை அவளே எடுத்துக்கிட்டா. வூட்டுல சும்மா இருக்கறதுக்குக் காய் நறுக்கலாமேன்னு ஆரம்பிச்சேன். ரசம் இன்னும் புடி கெடைக்கலை.

அதா, விசில் அடிச்சுட்டாங்க. பொம்பளைங்க வர்றாங்க பாருங்க. பச்சைத் தொப்பி, ஒம்பதாவது பலகை, அதுதான். தூங்கி எந்திரிச்ச மூஞ்சியாட்டவே இல்லை. உங்க அக்கா மூணுல நிக்கறாங்களா? சரி, சரி.

ஏனுங்க, இதென்ன? எல்லாரும் நமக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கறாங்க, இவ மட்டும் நம்ம பக்கம் பார்த்து நிக்கறா? கோட்டுல தப்பா நின்னுட்டாளா? யாராச்சும் போயிச் சொல்லோணுமே.

அப்பிடீங்களா. நொட்டாங்கைக்காரங்க திரும்பித்தான் நிக்கோணுமா. சோத்தாங்கைக்காரங்களுக்கு நெஞ்சு அந்தப் பக்கம், நொட்டாங்கைக்காரங்களுக்கு இந்தப் பக்கம். ம்.

காத்தால நான் அந்தப் பக்கம் உக்காந்திருந்தேனுங்க. உடுமலையிலயும் சிமெண்டு பெஞ்சு அந்தப் பக்கந்தான். அப்ப எட்டு மாசமும் எல்லாரோட மூஞ்சியும் தெரிஞ்சிருக்கும், இவ முதுகு மட்டுந்தான் தெரிஞ்சிருக்கும். அதையாச்சும் பார்த்தேனான்னு கேட்டீங்கன்னா, எனக்குத் தெரியலை.

அம்பை எடுத்து மாட்டறா பாருங்க. நாக்கு நுனியைக் கடிச்சுட்டு. கண்ணு எப்பிடி இருக்குது பாருங்க. எங்க வூட்டுல இந்த மூஞ்சி இல்லைங்க. நான் பார்த்ததே இல்லை. இது யாரோ வேற ஒருத்தி மாதிரி இருக்குது. ஆனா அவதான்.

ஏனுங்க? என்ன வில்லா? பேரா? எனக்குத் தெரியலைங்க, நான் இன்னும் கேக்கலை. சித்த பேசாம இருங்க. இழுக்கறா.